வெளியே போனால்தான் ராஜி

நான் வேலை பார்த்த ஆரணி ஜவுளிக் கடையில் போன மாதம் ஒரு புது அறை திறந்தார்கள். ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய சோபா, மூலையில் ஒரு மீன்தொட்டி. கதவுக்கு மேலே 'வாடிக்கையாளர் இணக்க மையம்' என்று பலகை. கல்யாணப் பட்டு எடுக்க வரும் இரண்டு வீட்டாருக்குள் தகராறு வந்தால் இனிமேல் அவர்களை இங்கே உட்கார வைத்து மீனைக் காட்டுவார்களாம். மீனைப் பார்த்தால் மனசு அடங்கும் என்று சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். நானும் மீனைப் பார்த்தேன். இரண்டு மீன் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன.

டீ கொடுக்கும்போது பில் போடும் பெண் கேட்டாள். "அங்கிள், பழைய ஆளுங்க எல்லாம் ராஜி ராஜின்னு சொல்லிகினு இருக்காங்களே, அது இன்னா? சமாதானம்தானே?"

இல்லை. அது வேறு, இது வேறு. அன்றைக்குக் கையில் டீ, வாயில் சமோசா, பக்கத்தில் போட்டோ எடுக்கிறவர். விளக்கிச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சமாதானம் என்பது ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்வது. பரீட்சையில் பெயிலான பிள்ளைக்குச் சொல்கிறோமே, அது. சமரசம் என்பது மேடையில் பேசுவது. கீழே இறங்கியதும் முடிந்துவிடும். ராஜி அப்படியல்ல. ஆற்காட்டு நவாப் காலத்தில் இந்தப் பக்கம் வந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட சொல் என்று எங்கள் தெரு வாத்தியார் சொல்வார். அது இடத்துக்குத் தகுந்தபடி மாறும். வழக்கில் ராஜி என்றால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து முறைத்துக்கொள்வது. புருஷன் பெண்டாட்டிக்குள் ராஜி என்றால், யாராவது ஒருவர் சுவரைப் பார்த்து "சாப்பாடு ஆறுது" என்று சொல்வது. எங்கள் கடையில் ராஜிக்கு ஒரே அர்த்தம்தான். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டாரும் ஒரே வார்த்தையை ஒன்றாகச் சொல்ல வேண்டும். கட்டிப்பிடிக்க வேண்டாம், கை குலுக்க வேண்டாம். ஒரே வார்த்தை போதும். அந்த வார்த்தை பெரும்பாலும் "பாவம் சார், வுட்டுடுங்க" என்பதாக இருக்கும்.

அந்தப் பாவம் நான்தான். வேலை போவதுதான் என் வேலை.

சேவூரிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து அந்தக் கடையில் புடவை மடிக்கிறவனாகச் சேர்ந்தேன். மடிக்கக் கற்றுக்கொண்டேன். பிரிக்கக் கற்றுக்கொண்டேன். பேன்ட் சட்டைக்கு மேலேயே பட்டைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு வெட்கப்படாமல் நிற்கக் கற்றுக்கொண்டேன். இதற்குள் மீசை பாதி நரைத்துவிட்டது. அதன் பிறகுதான் தேவசகாயம் சார் மேனேஜராக வந்தார். என் உண்மையான உத்தியோகம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

தேவசகாயம் சார் என்னைவிட இளையவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பொய் சொல்லவே மாட்டார். ஜவுளிக் கடையில் பொய் சொல்லாத மேனேஜர் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்கா சார்?" என்று ஒரு அம்மா கேட்டால், "புடவை எடுப்பா இருக்குதுங்க" என்பார். என்னை எப்போதும் "வாங்க கோதண்டம், போங்க கோதண்டம்" என்றுதான் கூப்பிடுவார். ஒரே ஒரு நேரத்தைத் தவிர.

கல்யாணப் பட்டு விஷயத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பயம் உண்டு. முகூர்த்தப் புடவை எடுக்கும் இடத்தில் யார் கண்ணிலும் தண்ணீர் வரக் கூடாது. யாராவது வயிறெரிந்தால் அந்தப் பட்டு மணமேடைக்கு ஆகாது. என்ன கோபம் இருந்தாலும் இந்தப் பயத்துக்கு முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். சார் இதைக் கவனித்து வைத்திருந்தார்.

முறை இதுதான். புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் சத்தம் கூடினால் முதலில் பன்னீர் சோடா வரும். சோடாவுக்கும் அடங்கவில்லை என்றால் சார் கல்லாவிலிருந்து எழுந்து வருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். அதுதான் எனக்குச் சைகை. நான் எங்கே இருந்தாலும் அந்த மெத்தைக்கு வந்து, சண்டைக்குக் காரணமான புடவையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"கோதண்டம், இந்தப் புடவைய கையில வெச்சிருக்கிறது யாரு?"

"நான்தாங்க."

"வெளிய போ."

அவ்வளவுதான். அந்த 'போ'வில் இரண்டு வீட்டாருக்கும் தூக்கிவாரிப்போடும். நான் தலையைக் குனிந்துகொண்டு வாசலை நோக்கி நடப்பேன். கடையில் நடுவாக மூன்று தூண்கள் உண்டு. முதல் தூணைத் தாண்டும்போது மெத்தையில் பேச்சு நிற்கும். இரண்டாவதில் ஒரு பெண்குரல் "அய்யோ" என்னும். மூன்றாவது தூணுக்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "பாவம் சார், வுட்டுடுங்க, புள்ளகுட்டிக்காரரு" என்பார். "ஆமா சார், பாவம் வுட்டுடுங்க" என்று பெண் வீட்டாரும் சொல்வார்கள். இதுதான் ராஜி. மாடியில் வேலை பார்க்கிறவன் எட்டிப் பார்த்து "ராஜி ஆச்சா?" என்பான். பிறகு புடவை எடுப்பது ஒரு பிரமாதமா?

நடையில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாகப் போனால் ரோஷக்காரன் என்று நினைப்பார்கள். ரொம்ப மெதுவாகப் போனால் சோம்பேறி, போகட்டும் என்பார்கள். ஒரு தடவை நான் உருக்கத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன். அன்றைக்குச் சாயங்காலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அழாதீங்க கோதண்டம். அது பொய்யாயிடும்."

"நீங்க சொல்றது மட்டும் இன்னா சார்?"

"நான் வெளிய போன்னு சொன்னேன். நீங்க போனீங்க. திரும்பி வராதேன்னு சொன்னேனா? வேலைய வுட்டு எடுத்துட்டேன்னு சொன்னேனா? அவங்களா நெனச்சிக்கினா அதுக்கு நான் இன்னா பண்றது? ஒருமையில பேசினதுக்கு மட்டும் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

 அதற்குப் பிறகு நான் அழுததில்லை.

ஊரில் என் பெயர் கெட்டது என்னவோ உண்மை. ஒரு தடவை எங்கள் தெருக்காரம்மா ஒருவர் கடையில் இதைப் பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்குப் போய் என் மனைவி சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். "இன்னிக்கும் தூக்கிட்டாங்களா? வரும்போது தக்காளி வாங்கிகினு வரச் சொல்லலாம்னு இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தம்மா அதிலிருந்து சரோஜாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்பினார். கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை கூடப் பண்ணினார்.

இனி ரேவதியின் கல்யாணப் புடவைக்கு வருகிறேன். என் வாழ்க்கையில் மூன்றாவது தூண் என்னைக் கைவிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பெண் வீடு தேசூர். ரேவதியின் அப்பா பலராமன் விவசாயி, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை பார்க்கிறவர். மாப்பிள்ளை வீடு ஆரணி. மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் அரிசி மில் வைத்திருந்தார், அவருக்கு மரியாதை போதவே போதாது. ரேவதியும் அந்தப் பையனும் தாங்களாகவே ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு அப்பாக்களையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். இதை ரேவதியே என்னிடம் சொன்னாள். புடவையைத் தோளில் போட்டுக் காட்டும்போது யாருக்கும் கேட்காமல், "அண்ணா, இன்னிக்கு பொடவ எடுக்காம கடைப் படி எறங்கினா இந்தக் கல்யாணம் நடக்காது. எங்கப்பா அதுக்கு சாக்கு தேடிகினு இருக்காரு. எப்படியாவது முடிச்சிக் குடுங்கண்ணா" என்றாள்.  எனக்கும் பெண் உண்டு. எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அரக்கு நிறம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். சண்டை அன்னத்தில் வந்தது. முந்தானையில் ஜோடி அன்னம் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பச்சையம்மா, கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ண ஒண்ணு மொறச்சிகினு இருக்குது. நாளைக்கு வீட்லயும் கொத்திக்கும்" என்றார். அன்னங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கும் புடவையை எடுத்தேன். "இது பிரிஞ்சி போறதுக்கு அடையாளம்" என்றார் பலராமன். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும் புடவையைத் தேடி எடுத்தேன். கட்டினால் எப்படி விழும் என்று பார்க்க வேண்டுமாம். பெண் முகூர்த்தப் பட்டை முன்கூட்டியே கட்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அதனால் நானே கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏகாம்பரம் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "ரெண்டு அன்னமும் தேசூரைப் பாத்துகினு இருக்குது. பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தப்புறமும் பொறந்த வீட்டையே பாக்கும்னு அர்த்தம்."

"தேசூர் அந்தப் பக்கம் இல்லீங்க. அது வேலூர் ரோடு" என்றார் பலராமன்.

"எனக்கு ரோடு தெரியாதா?" ஏகாம்பரம் என் தோளைப் பிடித்து எதிர்ப் பக்கம் திருப்பினார். "இப்ப சரி."

"இப்பதான் தேசூரைப் பாக்குது!" பலராமன் என்னை இந்தப் பக்கம் திருப்பினார்.

அவர் திருப்ப, இவர் திருப்ப, நான் அம்மிக்கல்லில் வைத்த தேங்காய் மாதிரி உருண்டுகொண்டிருந்தேன். சோடா வந்தது. யாரும் தொடவில்லை. "பொறந்த ஊர பாக்கக் கூடாதுன்னா அவ அங்கயே இருக்கட்டும். ரேவதி, எழுந்திரு. வேன எடுக்கச் சொல்லு" என்றார் பலராமன். ரேவதி எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

சார் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கோதண்டம், இந்தப் புடவைய கட்டிகினு நிக்கிறது யாரு?"

"நான்தாங்க."

"வெளிய போ."

நடந்தேன். முதல் தூண். பேச்சு நின்றது. இரண்டாவது தூண். பச்சையம்மா "அய்யோ" என்றார். நல்லது, எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அய்யோ, இந்த ஆள எனக்குத் தெரியுமே! எங்க தங்கச்சி பொண்ணுக்கு பொடவ எடுக்க வந்தப்பவும் இவரத்தான் வெளிய போன்னாங்க!"

  குட்டு வெளிப்பட்டுவிட்டது, இரண்டு வீட்டாரும் கடையைத் திட்டிவிட்டுக் கிளம்பப் போகிறார்கள், ரேவதியின் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் மனுஷ புத்தி நாம் நினைக்கும் வழியிலா போகிறது?

"அப்ப இவரு திருந்தவே மாட்டாரா?" என்றார் ஏகாம்பரம். "இந்த மாதிரி ஆள கடையில வெச்சிக்கவே கூடாது சார்."

"வெச்சிக்கவே கூடாது சார்" என்றார் பலராமன். "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

ராஜி! அவ்வளவு சுத்தமான ராஜியை நான் பார்த்ததே இல்லை. இரண்டு அப்பாக்களும் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரே குறை, அது என் பிழைப்புக்கு எதிரான ராஜி. "எங்க கண்ணு முன்னாடியே அனுப்புங்க" என்று ஏகாம்பரம் வேறு சொன்னார். சார் வாயைத் திறந்தார், மூடினார். 'அனுப்பிவிட்டேன்' என்றால் பொய். 'இது எல்லாம் நாடகம்' என்றால் ராஜி உடைந்துவிடும். 

நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் இரண்டு அப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் இப்படியே ஒத்துப்போய்க்கொண்டிருக்க வேண்டும் என்றால் நான் போயே ஆக வேண்டும். மூன்றாவது தூணையும் தாண்டி, வாசலையும் தாண்டி, படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

புடவையோடு.

அதை நான் கவனிக்கவே இல்லை. பூக்காரம்மா, "இன்னா கோதண்டம், ஒனக்கேவா கல்யாணம்?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸும் நின்றது. ஜன்னல் தோறும் தலைகள். உள்ளே பச்சையம்மாவின் குரல் கேட்டது.

"முகூர்த்தப் பட்டு வாசல் தாண்டிடுச்சி! ஜல்தியா ஓடுங்க!"

அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முகூர்த்தத்துக்கென்று கட்டிப் பார்த்த பட்டு வாசலைத் தாண்டிவிட்டால் தாண்டினதுதான். திரும்பி உள்ளே போனால் கல்யாணம் திரும்பிப் போகும். எங்கள் முதலாளிக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளியே போன பட்டு விற்காமல் உள்ளே வந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆக நான் உள்ளே போக முடியாது. வேலை போனவன் கட்டிக்கொண்டிருக்கும் பட்டை அப்படியே வாங்கவும் முடியாது, வயிற்றெரிச்சல் ஒட்டிக்கொள்ளும். எனக்கு முதலில் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். பிறகுதான் பில். எல்லாம் தெருவிலேயே.

இரண்டு அப்பாக்களும் படியில் நின்ற சாரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"சார், இவர மறுபடி வேலைக்கு சேத்துக்கங்க" என்றார் பலராமன்.

"எங்களுக்காக சேத்துக்கங்க சார்" என்றார் ஏகாம்பரம்.

சார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இனிமேல் தாங்காது என்று முடிவு பண்ணிவிட்டார் போலிருக்கிறது. பஜார் முழுக்கக் கேட்கும்படி உண்மையைச் சொன்னார். "இவர நான் வேலைய வுட்டு எடுக்கவே இல்லீங்க. எப்பவுமே எடுத்ததில்லீங்க."

ஏகாம்பரத்தின் கண் கலங்கிவிட்டது. பலராமனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சம்பந்தி, எப்பேர்ப்பட்ட மனுஷன்! நடந்ததையே மறந்துட்டாரு!"

அன்றைக்குக் காலையிலிருந்து அதுதான் முதல் 'சம்பந்தி'.

பச்சையம்மா மட்டும் விடவில்லை. "அன்னம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு இன்னும் முடிவாகலையே?" என்று ஆரம்பித்தார். அதுவரை பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத ரேவதி நடுத்தெருவில் வெடித்துவிட்டாள். "நான் இன்னா செலையா அத்த, ஒரே பக்கம் பாத்துகினு நிக்க? நடப்பேன், திரும்புவேன், சமையல் ரூமுக்குப் போவேன். அன்னம் என்கூடத்தான் வரும்!" பஸ் ஜன்னலிலிருந்து யாரோ கை தட்டினார்கள். பச்சையம்மா மிச்சமிருந்த கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

தெருவில் வைத்தே புடவையைக் கழற்றினார்கள். பட்டு மண்ணில் படக் கூடாதே. ஒரு முனையைப் பலராமன் பிடித்துக்கொண்டார், மறு முனையை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். நான் நடுவில் சுற்றிச் சுற்றி வெளியே வந்தேன். மடிக்கத் தெரியாமல் மடித்தார்கள். நான் திருத்தப் போகவில்லை. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பந்தியில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் எனக்கு இலை போட்டு, "வேலையெல்லாம் ஒழுங்கா பாக்கறியா?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளையும் சொல்லிவிடுகிறேன். மாலை, சால்வை எல்லாம் மதியமே முடிந்துவிட்டது. சாயங்காலம் கிளம்பலாம் என்று கல்லாவுக்குப் போனேன். சார் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"கோதண்டம், வெளிய போங்க" என்றார்.

'போங்க' என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வேறு மாதிரி நடக்க எனக்குத் தெரியாது.  முதல் தூண் தாண்டினேன். இரண்டாவது தாண்டினேன். மூன்றாவது தூணும் வந்துவிட்டது. இனி யார் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மெத்தையில் மதியத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் இருந்தன. எந்த ஊர்க்காரர்கள் என்று கூட எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "பாவம் சார், வுட்டுடுங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "ஆமா சார், வயசானவரு. பாவம், வுட்டுடுங்க" என்றார்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்து, "இன்னியோட அவருக்கு வேலை முடிஞ்சிடுச்சிங்க. நெஜமாவே போறாருங்க" என்றார்.

அவர்கள் அதை நம்பவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் ஒரே குரலில் எனக்காக மன்றாடிக்கொண்டிருந்தன. மாடியிலிருந்து எவனோ வழக்கம்போல "ராஜி ஆச்சா?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அழாதீங்க என்று சொல்லவில்லை.